அக்சஸ் நிரலில் ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் கிடைக்காதபோது

குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில், லாட் விவரங்களை உரைக்கோப்புகளிலிருந்து அக்சஸ் டேட்டாபேஸில் ஏற்றும் விபிஏ (ஆஃபீஸின் நிரல்மொழி) மாட்யூல் ஒன்று நன்றாக ஓடுகிறது. கோப்புகளைக் கையாள அது ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் என்ற கருவியைப் பயன்படுத்துகிறது. அதே மாட்யூலைக் கம்பம் கிளையின் புதிய டேட்டாபேஸில் ஒட்டியதும் ‘யூசர் டிஃபைன்டு டைப் நாட் டிஃபைன்டு’ என்ற பிழை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்காக ஆஃபீஸை நீக்கி மறுபடி நிறுவுவது வீண் வேலை. ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் இருக்கும் லைப்ரரிக்கான ரெஃபரன்ஸ் (இணைப்பு) புதிய டேட்டாபேஸில் இல்லை என்பதே காரணம். ரெஃபரன்ஸ்கள் டேட்டாபேஸோடு சேர்ந்தவையே தவிர மாட்யூலோடு வருபவை அல்ல.

ஆல்ட் எஃப்11 அழுத்தி, டூல்ஸ் மெனுவில் ரெஃபரன்ஸஸைத் திறந்து, ‘மைக்ரோசாஃப்ட் ஸ்கிரிப்டிங் ரன்டைம்’ என்பதற்கு டிக் இட்டு, டீபக் மெனுவில் கம்பைல் செய்ய வேண்டும். ரெஃபரன்ஸஸ் மங்கலாகத் தெரிந்தால் நிரல் பாதியில் நிற்கிறது என்று பொருள். முதலில் ரீசெட் பொத்தானை அழுத்துக. பட்டியலில் ‘மிஸ்ஸிங்’ என்று தொடங்கும் வரி இருந்தால், அது எக்செல் போன்ற வேறொரு லைப்ரரியுடையதாக இருந்தாலும், லெஃப்ட், டேட் முதலிய சாதாரணச் செயற்கூறுகள்கூடத் தடைபடலாம் என்பதால், அதைச் சரிசெய்யாமல் மேலே செல்லக் கூடாது.

கணினிக்குக் கணினி ஆஃபீஸ் பதிப்பு மாறும் இடங்களில் லேட் பைண்டிங்கே, அதாவது லைப்ரரியை முன்கூட்டி இணைக்காமல் நிரல் ஓடும்போது தேடிக்கொள்ளும் முறையே, நல்லது என்பது என் கருத்து. மாறியை ஆப்ஜெக்ட் என்று அறிவித்து, கிரியேட்ஆப்ஜெக்டில் ‘ஸ்கிரிப்டிங்.ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்’ என்ற பெயரைக் கொடுத்தால் ரெஃபரன்ஸ் தேவையில்லை. ஆனால் கோப்பைப் படிக்கவா, எழுதவா, இறுதியில் சேர்க்கவா திறக்கிறோம் என்பதைச் சொல்லும் ஃபார்ரீடிங், ஃபார்ரைட்டிங், ஃபார்அப்பெண்டிங் ஆகிய பெயர்களுக்குப் பதிலாக முறையே 1, 2, 8 என்று எண்களையே எழுத வேண்டும். பழைய நிரலில் இருக்கும், கோப்புகளைத் தேடித்தரும் ஃபைல்சர்ச்சோ ஆஃபீஸ் 2007லேயே நீக்கப்பட்டுவிட்டது. அதை எந்த டிக்கும் மீட்காது.

இந்தத் தொல்லை எதற்கு என்று கோப்புப் பெயர்களைத் தரும் விபிஏயின் சொந்த டிர் செயற்கூறுக்குத் திரும்புவோர் உண்டு. எல்லைப் பகுதிக் கடைகளில் கோப்புப் பெயர்கள் தமிழிலும் மலையாளத்திலும் கலந்திருக்கும். வழக்கமான விண்டோஸ் அமைப்பில் டிர் அவற்றைக் கேள்விக்குறிகளாகவே திருப்பித் தரும், அப்பெயரைக் கொண்டு கோப்பைத் திறக்கவும் முடியாது. ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் யூனிகோடு பெயர்களைச் சரியாகக் கையாளும். விபிஏ எடிட்டரும் தமிழெழுத்தை ஏற்காது என்பதால், ‘கொள்முதல்’ போன்ற ஃபோல்டர் பெயர்களை நிரலுக்குள் எழுதாமல் ஒரு டேபிளில் வைத்துப் படித்துக்கொள்ள வேண்டும். கோப்பின் உள்ளடக்கம் யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் இருந்தால், ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்டின் ஓப்பன்டெக்ஸ்ட்ஃபைல் அதைத் தவறாகவே படிக்கும். அப்போது கிரியேட்ஆப்ஜெக்ட் வழியாக ஏடிஓடிபி.ஸ்ட்ரீம் என்ற வேறொரு கோப்புக் கருவியை உருவாக்கி, அதன் சார்செட்டை (எழுத்துக்குறியாக்க அமைப்பை) யுடிஎஃப்-8 என்று அமைத்துப் படிக்க வேண்டும்.