ஊமைக்காயத்தைப் பற்றிப் பேசப் போகிறீர்களா? மூளைக்காய இன்டர்ன்ஷிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பொதுச் சுகாதாரம் படிக்கும் ஒரு பெண், கன்கஷன் (தலையில் அடிபட்டு வரும் லேசான மூளைக்காயம்) விழிப்புணர்வு இன்டர்ன்ஷிப்புக்காகத் தயாரித்த துண்டறிக்கையை எனக்கு அனுப்பியிருந்தார். "அக்கா, அடுத்த வாரம் முன்னாள் ராணுவ வீரர்கள் கூட்டத்துல கொடுக்கணும். ஒரு தடவை பாத்துடுங்க." முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. போருக்குப் போய் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு சிடிஇ என்ற மூளைச் சிதைவு நோய் இருக்கிறது என்று எழுதியிருந்தார். பக்கத்தில் ஒரு சிடி ஸ்கேன் படம். அதில் மூளையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு தீற்றல்.

கெட்டிக்காரப் பெண்தான். ஆனால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி அந்த ஒரே பக்கத்தில் இருந்தன.

முதலில் படம். நம் ஊரில் ஊமைக்காயம் என்போமே, கன்கஷன் அந்த வகை. மண்டை உடையாது, ரத்தம் வராது. அமெரிக்க ராணுவ மருத்துவத்தின் கணக்குப்படி நினைவு தப்பினால் அது அரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். குழப்பமும் மறதியும் ஒரு நாளுக்குள் தெளிய வேண்டும். வழக்கமான ஸ்கேனில் எதுவும் தெரியக்கூடாது. அப்படியானால் அது லேசான மூளைக்காயம். நினைவு தப்பியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ரத்தக்கசிவு மாதிரி பெரிய ஆபத்து எதுவும் இல்லை என்று பார்ப்பதற்குத்தான் சிடி எடுக்கிறார்கள். சிவப்புத் தீற்றலோடு படம் போட்டால், 'எனக்கு எடுத்த ஸ்கேன்ல இப்படி ஒண்ணும் இல்லையே, அப்ப என் தலைவலி சும்மாதான்' என்று ஒருவர் எழுந்து போய்விடுவார். யாருக்காகத் துண்டறிக்கை அடித்தோமோ அவரையே அது திருப்பி அனுப்பிவிடும்.

அடுத்தது 'இருக்கிறது' என்ற சொல். சிடிஇ என்பது கன்கஷனுக்கு இன்னொரு பெயர் இல்லை. கன்கஷன் ஒரு நாளில் நடக்கிற சம்பவம். சிடிஇ, தலையில் பல வருஷம் திரும்பத் திரும்ப அடி வாங்கியவர்களிடம் காணப்படும் மூளைச் சிதைவு நோய். 1928-இல் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் தடுமாற்றத்தையும் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. மூளையின் மடிப்புகளின் ஆழத்தில், சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றி, டௌ என்ற புரதம் படிந்திருப்பதுதான் இதன் அடையாளம். அதை உறுதியாகச் சொல்ல, இறந்தபின் மூளையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். உயிரோடு இருக்கும் யாரிடமும் "உங்களுக்கு சிடிஇ இருக்கு" என்று சொல்ல ஆளில்லை. இன்டர்னுக்கு அந்த வேலை அறவே இல்லை. மறதியும் எரிச்சலும் தூக்கமின்மையும் இருக்கிற ஒருவரிடம் அப்படிச் சொன்னால், மருந்தில்லாத நோய் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். ஆனால் அந்த மூன்றுக்கும் தனித்தனியாக வைத்தியம் உண்டு.

சரி, 'பெரும்பாலானோர்' எங்கிருந்து வந்தது? கேட்டேன். 2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையிலிருந்து. அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகில் (என்எஃப்எல்) ஆடிய 111 பேரின் மூளைகளில் 110-இல் சிடிஇ இருந்தது. எண் பொய்யில்லை. ஆனால் அந்த மூளைகளைத் தானம் தந்த குடும்பங்களில் பல, மனிதரிடம் ஏற்கெனவே ஏதோ கோளாறைக் கண்டு கவலைப்பட்டவை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று எண்ணிவிட்டு ஊரில் எல்லோருக்கும் காய்ச்சல் என்று சொல்ல முடியுமா? போதாக்குறைக்கு, விளையாட்டு வீரர்களின் எண்ணை அந்தப் பெண் படைவீரர்கள் மேல் ஒட்டிவிட்டார்.

படைவீரர்களுக்கென்று தனி ஆய்வே இருக்கிறது. மேரிலாந்தின் பெதஸ்டாவில் ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஒரு மூளைத் திசுக் காப்பகம் உண்டு. அங்கே ராணுவத்தில் பணியாற்றிய 225 பேரின் மூளைகளைப் பார்த்ததில் 10 பேரிடம்தான் சிடிஇ இருந்தது என்று 2022-இல் எழுதினார்கள். நூற்றுக்கு நாலரைகூட இல்லை. அந்தப் பத்தில் பாதியில் நோயின் தடம் ஒரே ஒரு இடத்தில் மட்டும். பத்துப் பேருமே ஆளோடு ஆள் மோதும் விளையாட்டு ஆடியவர்கள். குண்டுவெடிப்பில் சிக்கியிருந்த 45 பேரில் 3 பேருக்கு மட்டுமே சிடிஇ.

உடனே மறுபக்கம் சாய்ந்து 'குண்டு அதிர்வால் ஒன்றும் ஆகாது' என்று எழுதுவது அடுத்த தவறு. திருத்திய வரைவில் அவர் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார். அதே காப்பகத்தில் டேனியல் பெர்ல் குழு 2016-இல் வேறொன்றைக் காட்டியிருந்தது. வெடிப்பில் சிக்கிய சில வீரர்களின் மூளையில், சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேரும் எல்லைகளில் வித்தியாசமான தழும்பு. சிடிஇ மாதிரி இல்லாத வேறொரு காயம் அது. தவறான பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் இருக்கிற காயம் கண்ணில் படாது.

ராணுவமும் அரசாங்கமும் இந்தக் காயத்தைச் சின்னதாகப் பேசிய வரலாறு பெரிசு. 2020 ஜனவரி 8 அன்று இராக்கின் அல் அசாத் விமானத்தளத்தை ஈரான் ஏவுகணைகள் தாக்கின. அமெரிக்கர் யாருக்கும் காயமில்லை என்றது முதல் அறிவிப்பு. சில நாள் கழித்து, தலைவலி என்று கேள்விப்பட்டேன், அப்படியொன்றும் தீவிரமில்லை என்கிற மாதிரி அதிபர் டிரம்ப் பேசினார். கடைசியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு மூளைக்காயம் உறுதியானது, பலருக்குப் பிற்பாடு, போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் கிடைத்தது. இத்தனைக்கும், வெடிப்புக்கு 50 மீட்டருக்குள் இருந்தவரைப் பரிசோதித்து 24 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்ற விதி 2012-லேயே ராணுவத்தில் இருந்தது.

அப்புறம் பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப்பாதிப்பு. 'இது மூளைக்காயமா, மனக்காயமா?' என்று இரண்டு கட்டம் வைத்து, ஒன்றில் டிக் அடிக்கச் சொல்லும் படிவங்களைப் பார்த்திருக்கிறேன். இராக்கிலிருந்து திரும்பிய 2,525 அமெரிக்கச் சிப்பாய்களை ஆராய்ந்து 2008-இல் சார்லஸ் ஹோக் குழு எழுதியது: அடிபட்டு நினைவு தப்பியவர்களில் 43.9 சதவீதம் பேருக்குப் பிடிஎஸ்டியும் இருந்தது. பிடிஎஸ்டியையும் மனச்சோர்வையும் கணக்கில் எடுத்தபின், கன்கஷனோடு தொடர்பு விடாமல் நின்ற உடல் தொல்லை ஏறக்குறைய தலைவலி மட்டும்தான். அதாவது மூளைக்காயமும் மனக்காயமும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம். பிரித்துப் பார்க்க வேண்டியவர் மருத்துவர். உங்கள் படிவத்தில் இரண்டுக்கும் இடம் இருந்தால் போதும்.

பழைய வைத்தியக் குறிப்பையும் தூக்கிப் போடுங்கள். இருட்டு அறையில் வாரக்கணக்கில் படுத்திரு என்பது இப்போது யாரும் சொல்வதில்லை. கன்கஷன் பற்றிய 2022 ஆம்ஸ்டர்டாம் மாநாட்டு வழிகாட்டுதல், முதல் ஒன்றிரண்டு நாள் அளவான ஓய்வு, அந்த நாள்களிலேயே மெதுவான நடையும் உண்டு என்கிறது. அது விளையாட்டுக்கு எழுதியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு என்றால் நேராக அவசர சிகிச்சைக்கு.

பேசும் விதத்துக்கு வருவோம். பெரிய சேதம் இங்கேதான் ஆகிறது. மூளை தானம் பற்றிப் பேசும்போது, படிவத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்று சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் பதிவு என்பது விருப்பம்தான். இறந்தபின் குடும்பம் ஒப்ப வேண்டும், உடனே தகவல் சொல்ல வேண்டும். அதனால் மனைவியோ மகனோ பக்கத்தில் இருக்கும்போதே பேசுவது நல்லது. நோய் இருப்பவர் மட்டும் தந்தால் போதும் என்பதும் தப்பு. ஒப்பிட்டுப் பார்க்க அடியே படாதவரின் மூளையும் வேண்டும், பெண்களின் மூளை இன்னும் வேண்டும்.

பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் போய்விடும் என்று நம்பவும் வேண்டாம். எந்தப் படைப்பிரிவு, எந்த மாதம், எந்தச் சாலையில் வெடித்தது என்று மூன்றையும் எழுதினால் கூட இருந்தவர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். தற்கொலையைப் பற்றி எழுதும்போது முறையை விவரிக்காதீர்கள், ஒரே காரணத்தின் மேல் பழியைப் போடாதீர்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் உயிரை விடுவது பற்றிச் சொன்னால், கேள்வித்தாளை மூடிவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் முன்னாள் வீரர்களுக்கான உதவி கிடைக்கும் என்பது மனப்பாடமாக இருக்கட்டும்.

விண்ணப்பம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படைவீரர் நலத்துறை மருத்துவமனை என்றால் கைரேகை, பின்னணி விசாரணை எல்லாம் உண்டு, வாரக்கணக்கில் இழுக்கும். சில இடங்களில் குடியுரிமை கேட்பார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருந்தால், சம்பளம் இல்லாத வேலைதானே என்று கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் சேர்ந்துவிடாதீர்கள்.

துண்டறிக்கையை மூன்று தடவை மாற்றினோம். ஸ்கேன் படம் போனது, சிடிஇ கடைசிப் பத்திக்கு இறங்கியது. முதல் வரி இப்படி ஆனது: "எதிரி வைத்த குண்டு வெடித்தபோது பக்கத்தில் இருந்தீர்களா?" நன்றாக இருக்கிறது என்று நானும் தலையாட்டிவிட்டேன். கூட்டத்தில் அதைப் படித்த ஒரு பெரியவர், மார்ட்டர் என்ற சிறு பீரங்கிப் பிரிவில் இருந்தவராம், கையைத் தூக்கியிருக்கிறார். "குண்டு எதுவும் எங்க பக்கம் வரலை. ஆனா நாங்க தினமும் சுட்டுக்கிட்டே இருந்தோம். அது கணக்குல வருமா?"

வரும். தோளில் வைத்துச் சுடும் ராக்கெட், மார்ட்டர், கதவை வெடிவைத்துத் திறக்கும் பயிற்சி, இவற்றின் அதிர்வு சின்னதாக இருந்தாலும் ஆயிரக்கணக்கான தடவை தலையில் ஏறுகிறது. அமெரிக்க ராணுவமே இப்போது அதை அளக்கத் தொடங்கியிருக்கிறது. எங்கள் முதல் வரியில் அந்தப் பெரியவருக்கு இடமே இல்லை. அன்று இரவே "எதிரி வைத்த" என்ற இரண்டு சொல்லை வெட்டிவிட்டு, அவர் கேட்ட கேள்வியை அப்படியே மேலே போட்டோம்.