ஆன்டிபயாட்டிக் வாங்கும்போது தள்ளுபடியில் ஏமாறும் இடங்கள்

மருந்துக்கடை வாசலில் "20% தள்ளுபடி" என்று பலகை தொங்கும். எந்த விலையிலிருந்து 20% என்று யாரும் கேட்பதில்லை. ஒரே மருந்தை ஒரு கம்பெனி குறைந்த எம்ஆர்பியிலும் இன்னொன்று கூடுதல் எம்ஆர்பியிலும் விற்கும். கூடுதல் விலை அச்சடித்த அட்டைக்குத்தான் பெரிய தள்ளுபடி தர முடியும். அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, கோர்ஸ் முடிய மொத்தம் எவ்வளவு ஆகும் என்று பாருங்கள்.

அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த ஆன்டிபயாட்டிக்கான 625 மாத்திரையைக் காலை, இரவு என ஐந்து நாளுக்கு எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத்திரை வேண்டும். ஒரு கடையில் பத்து மாத்திரை அட்டை ரூ.200, தள்ளுபடி போக ரூ.160. அடுத்த கடையில் ஆறு மாத்திரை அட்டை ரூ.90. ஒரு மாத்திரை ரூ.15 என்பதால் இதுதான் மலிவு போலத் தெரியும். ஆனால் அட்டையை வெட்டித் தரமாட்டேன் என்றால் இரண்டு அட்டை வாங்க வேண்டும், ரூ.180 ஆகிவிடும், இரண்டு மாத்திரையும் வீணாக மிஞ்சும். வெட்டித் தந்தால் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டிய துண்டில் பெரும்பாலும் அவை இருக்காது.

இதே மருந்தில் இன்னொரு தவறு ஆபத்தானது. 625 இல்லை, 375 மலிவாக இருக்கிறது, இரண்டாகப் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவார்கள். 625 என்பது அமாக்சிசிலின் 500, கிளாவுலானிக் அமிலம் 125. 375 என்பது 250-ம் 125-ம். இரண்டு போட்டால் அமாக்சிசிலின் சரியாக வரும், கிளாவுலானிக் அமிலம் இரட்டிப்பாகும். வயிற்றுப்போக்கு வர அதுவே போதும்.

விலை ஏறுவதற்குப் பெயருக்குப் பின்னால் வரும் "எல்பி"யும் ஒரு காரணம். செஃபிக்ஸிம் 200 என்ற ஆன்டிபயாட்டிக் அரசின் விலை உச்சவரம்புக்குள் வருகிறது. அதோடு எல்பி, அதாவது லாக்டிக் அமில பேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா சேர்த்த மாத்திரை அந்த உச்சவரம்புக்குள் வராத கலவை. தனி செஃபிக்ஸிம் போதுமா என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

அதைச் சீட்டு எழுதும்போதே கேட்பது நல்லது. ஷெட்யூல் எச், அதாவது டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துக்குச் சீட்டில் உள்ளதற்கு மாற்றாக வேறு பிராண்டைக் கடைக்காரர் தானாகத் தரக்கூடாது என்பது விதி. கடைக்குப் போன பிறகு "மலிவானது தாங்க" என்று கேட்டு, அவர் கைக்கு வந்ததை எடுத்துத் தந்தால் அளவு மாறியிருந்தாலும் தெரியாது. பிராண்டுக்குப் பதில் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதி வாங்கினால், மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் என்று எங்கு வேண்டுமானாலும் கேட்கலாம். 2025 பிப்ரவரியில் தமிழகத்தில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. எல்லா மருந்தும் எல்லா நாளும் இருக்காது. போகுமுன் போன் செய்து கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் இருப்பில் உள்ள மருந்து இலவசம்.

சீட்டில்லாமல் தருகிற கடை சல்லிசான கடை என்று நினைக்க வேண்டாம். செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்சசின் போன்றவை 2014 முதல் எச்1 என்ற, இன்னும் கடுமையான கட்டுப்பாடுள்ள பட்டியலில் உள்ளன. விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டும் செல்லாது. திரும்ப வாங்கலாம் என்று டாக்டர் எழுதியிருக்காவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான்.

ஆன்லைன் தள்ளுபடி சுகர், பிரஷர் மாத்திரைக்குச் சரி. முதல் டோஸ் இன்றிரவே போட வேண்டிய மருந்துக்கு நாளை மறுநாள் வரும் பார்சல் எதற்கு?

குழந்தைகளுக்கான அமாக்சிசிலின்-கிளாவுலானிக் பவுடர் சிரப்பில் 5 மி.லி.க்கு 228, 457 மில்லிகிராம் என்று இரண்டு அளவு உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றதை வாங்கி அதே மி.லி. கொடுத்தால் மருந்து பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும். 30 மி.லி. பாட்டில் இரண்டு தேவைப்பட்டால் இரண்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் கலக்காதீர்கள். தண்ணீர் கலந்த அமாக்சிசிலின்-கிளாவுலானிக் சிரப் ஃப்ரிட்ஜிலேயே ஏழு நாள்தான் தாங்கும். டாக்டர் நடுவில் மருந்தை மாற்றினால், சீல் பிரிக்காத பாட்டிலைப் பில்லோடு கொண்டுபோனால் பல கடைகளில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.