மலையகத் தோட்டத்துச் சங்கத்துக்கு மானியம் தேடுகிறீர்களா?

முதலில் காசைத் தேடாதீர்கள், காணியைப் பாவிக்கத் தோட்ட நிருவாகம் தரும் அனுமதிக் கடிதத்தைத் தேடுங்கள். 1992இல் இலங்கையின் பெரும்பாலான அரச பெருந்தோட்டங்கள் கம்பனிகளின் நிருவாகத்துக்குப் போய்விட்டன. லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி வைப்பதென்றாலும் தோட்டத்துத் துரையின் (முகாமையாளரின்) கையெழுத்து வேண்டும். எங்கள் வாசிகசாலைத் திட்டம் போன வருசம் திரும்பி வந்ததே அந்த ஒற்றைத் தாள் இல்லாததால்தான். எட்டுப் பக்கம் எழுதி, மூன்று கடையில் விலை கேட்டு வாங்கி வைத்தது எல்லாம் வீண்.

சங்கம் பிரதேச செயலகத்தில் பதிவாகியிருக்கட்டும். வங்கிக் கணக்கு தலைவர் பெயரில் அல்ல, சங்கத்தின் பெயரில். கூட்ட அறிக்கைக் கொப்பியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைப்போம். அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

மண்ணரிப்பு, நீரூற்றுப் பாதுகாப்பு, மரநடுகை என்றால் யூஎன்டிபி (ஐ.நா. அபிவிருத்தித் திட்டம்) வழியாக நடக்கும் உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டத்தைப் பாருங்கள். முன்பள்ளிக் கட்டடம், குடிநீர் போன்றவற்றுக்கு ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட உதவித் திட்டம். கனடா, அவுஸ்திரேலியா உயர்ஸ்தானிகராலயங்களிடமும் சிறு உதவிகள் உண்டு. இவை வருசம் முழுக்கத் திறந்திருப்பதில்லை, ஆகவே அவர்களுடைய பேஸ்புக் பக்கத்தில் ஒரு கண் இருக்கட்டும்.

கலைக்குக் கேட்பது கொஞ்சம் சிரமம்தான். "காமன் கூத்தை வளர்க்க" என்று நம் மலையகக் கூத்தைப் பற்றி மொட்டையாக எழுதாதீர்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை நாள் பயிற்சி, உடுப்புக்கு எவ்வளவு, தப்பு மேளத்துக்குத் தோல் மாற்ற எவ்வளவு என்று பிரித்துப் போடுங்கள். "இதர செலவு" என்ற வரியில் பெரிய தொகை இருந்தால் வாசிப்பவரின் கண் அங்கேயே நின்றுவிடும்.