வயதைக் கேட்க ஒரு நல்ல வழி

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் முனைவர் பட்ட ஆய்வுக்காக வீடு வீடாகத் தகவல் எடுப்பவர்கள், பெரியவர்களிடம் "வயசு என்ன?" என்று கேட்டதோடு நிறுத்தாமல், "தனுஷ்கோடிப் புயலப்போ நீங்க எவ்வளவு பெரிய பிள்ளை?" என்றும் கேளுங்கள். "ரெண்டாம் வகுப்பு படிச்சேன்" என்று பதில் வந்தால், புயல் 1964 டிசம்பர், அப்போது வயது ஏழு, பிறந்தது 1957 வாக்கில் என்று ஓரளவு நெருங்கிவிடலாம். அடுத்த தலைமுறைக்கு 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலமும், 2004 சுனாமியும் இருக்கின்றன.

நேரடியாகக் கேட்டால் பலரும் 50, 55, 60 என்று 0, 5-இல் முடியும் எண்ணாகவே சொல்வார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய்களில் வயதுதான் பெரிய காரணி. அதில் பிழை இருந்தால், பிறகு எவ்வளவு நுட்பமான புள்ளியியல் மாதிரியைப் பொருத்தினாலும் முடிவுகளிலிருந்து வயதின் தாக்கத்தை முழுதாக விலக்க முடியாது. சேகரித்த வயதுகளில் 0, 5-இல் முடிபவை மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைவிட நன்றாகக் கூடியிருந்தால் உஷாராகிவிடுங்கள். வயதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதற்குப் படிவத்தில் தனி இடம் விடுங்கள். பகுப்பாய்வில் கட்டாயம் உதவும்.

பிறப்புச் சான்றிதழ் உள்ள இளையவர்களுக்கு இது தேவையில்லை. மாதக் கணக்கு முக்கியமான குழந்தைகளுக்குத் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். உள்நாட்டு ஊர்களிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களிடம் அவர்கள் பிறந்த ஊர் நிகழ்ச்சிகளைக் கேட்க வேண்டும். அப்புறம், புயலில் உறவுகளைப் பறிகொடுத்த வீடு என்று தெரிந்தால் புயல் பேச்சையே எடுக்காதீர்கள்.