பதினாலாவது மாடிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

சென்னை ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் வீடு தேடியபோது, 14ஆம் மாடி பால்கனியில் நின்றதுமே என் கணவர் காட்சியில் சொக்கிப்போனார். தூரத்தில் நீலக் கோடாய்க் கடல். நான் கையில் கால்குலேட்டரோடு நின்றேன்.

முதலில் 'ஃப்ளோர் ரைஸ்', அதாவது உயரம் கூடக்கூட வாங்கும் கூடுதல் பணம், எந்த மாடியில் தொடங்குகிறது என்று கேளுங்கள். எங்களுக்குச் சொன்னது, 5ஆம் மாடியிலிருந்து மாடிக்கு மாடி சதுர அடிக்கு 40 ரூபாய். பத்து மாடிக்கு 400. அதை 1,200 சதுர அடியால் பெருக்கினால் 4,80,000! அந்த 1,200-ம் சூப்பர் பில்ட்-அப். படிக்கட்டு, லிஃப்ட், வராந்தாவில் உங்கள் பங்கெல்லாம் அதில் அடக்கம். நாம் புழங்கும் கார்ப்பெட் ஏரியா 850தான். 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி அதை ஒப்பந்தத்தில் எழுதியே ஆகவேண்டும்.

யூடிஎஸ்ஸையும், அதாவது நிலத்தில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கையும் பாருங்கள். அதே அளவுள்ள மூன்றாம் மாடி வீட்டுக்கும் இதே நிலப் பங்குதான். ஆக, கூடுதல் பணம் முழுக்கக் காற்றுக்கும் காட்சிக்கும். பேரம் பேச இதைவிட நல்ல பிடி கிடையாது, பாதியாகக் குறைத்தார்கள்.

வீட்டைச் சாயங்காலம் காட்டத்தான் விற்பவருக்குப் பிடிக்கும். நீங்கள் மதியம் மூன்று மணிக்குப் போங்கள். மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், தோசைக்கல்தான். உச்சி மாடி என்றால் கூரைச் சூடும் சேரும். எதிரே காலி மனை இருந்தால் கடல் காட்சிக்குக் காசு கொடுக்காதீர்கள், நாளை அங்கே கட்டடம் எழும்பி மறைக்கலாம். ஜெனரேட்டரில் எத்தனை லிஃப்ட் ஓடும் என்றும் கேளுங்கள். எங்கள் மாமியாருக்கு முட்டிவலி.