ஆவணப்படத்துக்கு முதலில் சீட்டெடுங்கள்

1987இல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவின் நிகழ்ச்சி நிரல் வெளியானதும், புகழ்பெற்ற இயக்குநர்களின் கதைப்படங்களைத் தேடுவதற்கு முன்பாக, ஆவணப்படங்களுக்கான நுழைவுச்சீட்டுகளை வாங்கிவிடுங்கள். விநியோகஸ்தர் அமைந்த கதைப்படம் பின்னர் திரையரங்குக்கோ இணையத் தளத்துக்கோ வந்துவிடும். ஆவணப்படமோ பெரும்பாலும் விழாவில் ஓரிரு முறை திரையிடப்பட்டபின், இங்கு மீண்டும் காணக் கிடைப்பது அரிது. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், என்சி16 தரமிட்ட படத்துக்குப் பதினாறு வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதியில்லை என்பதை முன்பே கவனியுங்கள்.

விழாக்காலம் முடிந்த பின்னர், கேனிங் ரைஸில் உள்ள ஓல்டம் அரங்கில் ஆசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் நடத்தும் திரையிடல்களைத் தொடர்ந்து பாருங்கள். ஆசிய ஆவணப்படங்களை அக்கறையோடு தேர்ந்தெடுத்துக் காட்டும் அவ்விடம் நம் சமூகத்தில் இன்னும் பலரைச் சென்றடைய வேண்டும். வசந்தம் தொலைக்காட்சி ஒளிவழியின் தமிழ் ஆவண நிகழ்ச்சிகளை மீவாட்ச் இணையத் தளத்தில் காணலாம்.