இரண்டு சொற்களிலிருந்து ஒரு கதை: எழுதத் தொடங்குவோருக்கான செய்முறை

"செருப்பு" என்று தொடங்கி "விளக்குமாறு" என்று முடியும்படி முருகன்மேல் ஒரு வெண்பா பாட முடியுமா என்று காளமேகப் புலவரைக் கேட்டதாகவும், அவர் முதற்சொல்லைச் "செரு", "புக்கு" என்று பிரித்துப் போர்க்களம் புகுந்த வீரரைக் கொண்டுவந்து பாடி முடித்ததாகவும் தனிப்பாடல் மரபு சொல்கிறது. எதை எழுதுவது என்று தெரியாமல் தவிப்பவருக்குத் தலைப்பைவிட இப்படி ஒட்டாத இரு சொற்களே உதவும் என்பது என் உறுதியான எண்ணம். "மழை" என்று தலைப்புக் கொடுத்தால், குடையும் காகிதக் கப்பலும் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறர் எழுதியதையே நாமும் எழுதி முடிப்போம்.

முதலில் சொற்களைச் சேர்க்க வேண்டும். பழைய நோட்டுத் தாள்களைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, துண்டுக்கு ஒரு சொல்லாக ஐம்பது பெயர்ச்சொற்களை எழுதி ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். கையால் தொடக்கூடிய பொருள்களின் பெயர்களாக இருப்பது நல்லது: தாழ்ப்பாள், ரசீது, ஏணி, ஊதுகுழல், பூட்டு, டார்ச் லைட். அன்பு, விடுதலை, காலம் போன்ற சொற்களைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். அவை கதைக்குப் பதிலாகக் கட்டுரையை வரவழைக்கும். உங்கள் வீட்டிலும் ஊரிலும் மட்டும் புழங்கும் சொற்கள் நினைவுக்கு வந்தால் அவற்றையும் தயங்காமல் சேருங்கள். சொல் போதவில்லையென்றால், க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து, விரல் பட்ட இடத்துக்கு அருகிலுள்ள பெயர்ச்சொல்லை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, பார்க்காமல் இரண்டு துண்டுகளை எடுங்கள். ஏன் இரண்டு என்பதை இத்தாலியச் சிறுவர் இலக்கிய எழுத்தாளர் ஜான்னி ரோதாரி 1973இல் வெளியான தம் நூலில் நன்றாக விளக்கியிருக்கிறார். தனிச்சொல் அசையாமல் கிடக்கும். தனக்கு அந்நியமான இன்னொன்றோடு மோதும்போதுதான் அதற்கு உயிர் வரும். "குதிரை", "நாய்" என்ற இரண்டும் ஒரே இனத்தவை ஆதலால் பயன்படா. "நாய்", "அலமாரி" என்றால் கற்பனை வேலை செய்தே ஆக வேண்டும். அலமாரியோடு நாய், நாயின் அலமாரி, அலமாரிக்குள் நாய் என்று அவர் அந்த இரண்டையும் பலவாறு இணைத்துக் காட்டினார்.

இந்த இணைப்புக்கு நம்மிடம் வேற்றுமை உருபுகள் இருக்கின்றன. இந்தப் பயிற்சியின் மையமே இதுதான் என்பதால் இங்கே அவசரப்பட வேண்டாம். "ஏணி", "ரசீது" என்ற இரண்டும் வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஏணிக்கு ரசீது, ஏணியில் ரசீது, ரசீதோடு ஏணி, ரசீதுக்காக ஏணி என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். முதலாவது வெறும் கடைக்கணக்கு. இரண்டாவதில், படியின் வெடிப்பில் யாரோ செருகி வைத்த தாள் ஒன்று தெரிகிறது. நான்காவதில் ஒரு மனிதரே வந்துவிடுகிறார்: பரண்மேல் ஒரு ரசீதைத் தேடி அவர் ஏறுகிறார்.

இப்போது அந்தத் தொடரைக் கேள்வி கேளுங்கள். ஏறுவது யார்? அந்த வீட்டு மருமகள். என்ன ரசீது? அடகுக்கடை ரசீது. ஏன் இன்றைக்கே தேட வேண்டும்? நகையை மீட்க நாளை கடைசி நாள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பது யார்? மாமியார், நகை அடகில் இருப்பது அவருக்குத் தெரியாது. இந்தக் கடைசிப் பதில் வந்தவுடன் நிறுத்திவிடலாம், ஏனெனில் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கும் இடத்தில் கதை தானாகவே நகரத் தொடங்கும்.

பிறகு பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்து, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் எழுதுங்கள். பிழை திருத்துவதும் அழகு பார்ப்பதும் வேண்டாம். என் பத்து நிமிடத்தில் இப்படி ஒரு பகுதி வந்தது:

"அண்டாவையா தேடுறே?" என்று கீழிருந்து மாமியார் கேட்டார். "ஆமா அத்தை" என்றாள். அண்டா அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. "கெடைக்கலேன்னா எறங்கிடு, நான் ஏறிப் பாக்குறேன்" என்றார் அவர்.

இதில் ரசீது என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். எடுத்த சொற்கள் எழுத்தில் இடம்பெற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எழுத வைத்ததோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. ஆசிரியர்கள் பலர் இதை வகுப்பில் நடத்தும்போது இரண்டு சொற்களும் வந்திருக்கின்றனவா என்று எண்ணி மதிப்பெண் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் மாணவர்கள் வாக்கியத்தில் அமைத்து எழுதும் பயிற்சிக்கே திரும்பிவிடுவார்கள்.

எழுதியதை மறுநாள் வாய்விட்டுப் படித்து, மனத்தில் நிற்கும் ஒரு வாக்கியத்தின் கீழ் மட்டும் கோடிடுங்கள்; அடுத்த வரைவை அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கலாம். எந்த வாக்கியமும் நிற்காவிட்டால், அதே இரண்டு சொற்களுக்கு வேறோர் உருபைப் போட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லை என்பதற்காக உடனே வேறு துண்டை எடுக்காதீர்கள். அப்படி எடுக்கப் பழகினால், ஏற்கெனவே மனத்திலுள்ள கதைக்குப் பொருந்தும் சொல் வரும்வரை டப்பாவைத் துழாவிக்கொண்டே இருப்போம். மூன்று உருபுகளையாவது மாற்றிப் போட்டுப் பார்த்தும் எதுவும் வரவில்லையென்றால் மட்டும் இரண்டையும் டப்பாவில் போட்டுக் குலுக்கிவிட்டு, புதிய இணையை எடுங்கள்.